கூகையும் வயலெலியும்

இராப்பொழுதிற் கூரைமேல் ஓர் அலறல் கேட்டவுடன் கல்லையும் கட்டையையும் தேடுதல் எம்மூர்களில் வழக்கம். வெண்முகமுடைய கூகையைச் சாக்குருவி என அழைத்து, அது அலறிய வீட்டில் மரணம் நிகழும் என நம்புகின்றோம். அவ்வாறு கல்லெறிந்தவரே மறுநாட் காலையில் அடியோடு அரியப்பட்ட நெற்பயிரைக் கண்டு எலியைச் சபிப்பதையும் பார்த்திருக்கின்றேன்.

கூகையின் உணவு பெரும்பாலும் எலியேயாம். இரையை விழுங்கியபின், செரியாத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அது தங்கும் மரப்பொந்தின் கீழ்க் கிடக்கும் உருண்டையொன்றை நீரில் ஊறவைத்துக் குச்சியாற் பிரித்துப் பாருங்கள். எலியின் மண்டையோடும் மஞ்சட் பற்களும் வெளிப்படும். இதனினும் மேலான சாட்சி வேண்டியதில்லை.

ஏதென்ஸ் நகரத்தார் வேறோர் ஆந்தையினத்தை அறிவுத் தெய்வமாகிய அதீனாவுக்கு உரியதாக்கி, கி.மு. 5ஆம் நூற்றாண்டிலே தம் வெள்ளி நாணயத்திற் பொறித்தனர். 2002இல் புழக்கத்துக்கு வந்த கிரேக்க நாட்டு ஒரு யூரோ நாணயத்திலும் அவ்வுருவமே உளது. வங்காளத்தில் ஆந்தை இலக்குமியின் வாகனம். யோர்தான் நாட்டாரோ எம்மைப் போலவே அதனை அபசகுனமெனக் கருதினர். அயலிலுள்ள இஸ்ரவேலில் 1983 முதல் வயல்களிற் கூட்டுப்பெட்டிகளை வைத்துக் கூகையை வரவழைத்தனர். 2002இல் யோர்தான் கமக்காரரும் அம்முயற்சியிற் சேர்ந்தனர். முன்னர்ப் போர் புரிந்த இரு நாட்டாருக்கும் அது பொதுவான காவற்காரனாயிற்று. எல்லைக்கோடு கூகைக்குத் தெரியாதல்லவா!

உங்கள் வயலில் ஆளுயரத்துக்கு மேற்பட்ட கம்புகளை நாட்டி, குறுக்கே தடி கட்டிவிடுங்கள். தென்னை மட்டையை அடிப்பக்கம் மேலாக நாட்டினும் போதும். கதிர் முற்றத் தொடங்கியதும் இவற்றைப் பிடுங்கிவிடல் வேண்டும். இன்றேற் பகலிற் கிளியும் சில்லையும் அவற்றில் அமர்ந்து நெல்லைத் தின்னும். பொந்துள்ள பழைய மரங்களைத் தறியாது விடுங்கள்.

கூகையொன்றே எலியை ஒழித்துவிடும் எனக் கூறமாட்டேன். வரம்பைச் சிறிதாக்கிப் புல்லை வெட்டுதலும், அயலார் யாவரும் ஒரே காலத்தில் விதைத்தலும் அவசியம். நஞ்சு வைப்பதிலே மிக்க கவனம் வேண்டும். நஞ்சுண்ட எலி பெரும்பாலும் உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடித் திரியும். அதனைப் பிடித்துண்ணும் கூகையும் மடியக்கூடும். எலியோ மூன்று வாரத்திற் குட்டியீன்று பெருகிவிடும்; அழிந்த கூகைச் சோடிக்குப் பதிலாக இன்னொன்று வர எத்தனை போகம் செல்லுமோ! வேறு வழியில்லையெனின், உங்கள் பகுதிப் போதனாசிரியரைக் கேட்டபின் நஞ்சை வையுங்கள். செத்த எலிகளை விடியற்காலையிலேயே மண்வெட்டியால் அள்ளி ஆழப் புதையுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், எலிக்காய்ச்சல் வரக்கூடும்.