குரோக் (சொல்)

குரோக் என்பது ஒன்றை உள்ளுணர்வால் முழுமையாகப் புரிந்துகொள்வதைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல் ஆகும். அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஏ. ஹைன்லைன், 1961-இல் வெளியான 'ஸ்ட்ரேஞ்சர் இன் எ ஸ்ட்ரேஞ்ச் லேண்ட்' என்ற அறிவியல் புதினத்திற்காக இச்சொல்லை உருவாக்கினார்.

பொருள்

புதினத்தில் இது செவ்வாய்க் கோளில் வாழ்வோரின் சொல்லாக வருகிறது. இதன் நேர்ப்பொருள் 'குடித்தல்'. அங்கு நீர் அரிது என்பதால், நீரைப் பகிர்ந்து குடிப்போர் உடன்பிறந்தோர் ஆகின்றனர். குடித்த நீர் உடலில் கலப்பதுபோல, அறிபவரும் அறியப்படுவதும் ஒன்றாகிவிடுவதே குரோக். எனவே புரிதல், பங்குகொள்ளல் ஆகிய இரண்டும் இதில் அடங்கும். விலகி நின்று பெறும் அறிவை இச்சொல் குறிப்பதில்லை.

பயன்பாடு

1960-களில் ஹிப்பிகளிடையே பரவிய இச்சொல், பின்னர் கணினி நிரலாளர்களின் வழக்கிலும் நிலைத்தது. ஒரு நிரலின் ஒவ்வொரு வரிக்கும் பொருள் சொல்லத் தெரிவது மட்டும் குரோக் ஆகாது. ஓரிடத்தில் செய்யும் மாற்றம் வேறு எங்கெல்லாம் எதிரொலிக்கும் என்பது தானாகவே புலப்படும் நிலையையே அவர்கள் அவ்வாறு அழைக்கின்றனர். ஆக்சுபோர்டு ஆங்கில அகராதியிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது. 2023-இல் எக்ஸ்ஏஐ நிறுவனம் வெளியிட்ட உரையாடு மென்பொருளுக்கும் இப்பெயரே சூட்டப்பட்டது.