கீரை குழந்தை வரம் தருமா?

திருமணம் ஆகி ஓர் ஆண்டு ஓடிவிட்டது. வீட்டில் இன்னும் தொட்டில் ஆடவில்லை. உடனே அக்கம்பக்கத்தார் யோசனை சொல்ல வந்துவிடுவார்கள். "இந்தக் கீரையைச் சாப்பிடு, அந்தக் கீரையைச் சாப்பிடு" என்பார்கள்.

கீரை மட்டும் குழந்தை வரம் தந்துவிடாது. ஆனால், தாயாகப் போகும் பெண்ணின் உடம்பைத் தயார் செய்வதில் கீரைக்குப் பங்கு உண்டு.

இலை தந்த பெயர்

கீரையில் 'ஃபோலிக் அமிலம்' என்ற வகைச் சத்து இருக்கிறது. லத்தீன் மொழியில் 'ஃபோலியம்' என்றால் இலை. 1941-ம் ஆண்டு, அமெரிக்க விஞ்ஞானிகள் பாலக்கீரையில் இருந்து இதைப் பிரித்து எடுத்து, இந்தப் பெயரை வைத்தார்கள்.

கரு உண்டான முதல் 28 நாட்களுக்குள், குழந்தையின் மூளையும் முதுகுத்தண்டும் உருவாகத் தொடங்கிவிடும். அதற்கு இந்தச் சத்து தேவை. அப்போது பல பெண்களுக்குத் தாங்கள் கர்ப்பம் என்பதே தெரியாது! ஆகவே, குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே கீரை சாப்பிடத் தொடங்குங்கள். அதோடு, டாக்டரைக் கேட்டு ஃபோலிக் அமில மாத்திரையும் சாப்பிடவேண்டும். கீரை அந்த மாத்திரைக்குத் துணை, மாற்று அல்ல.

அரைக்கீரைக் கூட்டு

தேவை: அரைக்கீரை ஒரு கட்டு, பாசிப்பருப்பு அரை டம்ளர், தேங்காய்த் துருவல் 3 கரண்டி, சீரகம் அரை ஸ்பூன், பச்சை மிளகாய் 2, எலுமிச்சம்பழம் பாதி.

கீரையை நறுக்கும் முன்பே கழுவிவிடுங்கள். நறுக்கிய பிறகு கழுவினால் சத்து தண்ணீரோடு போய்விடும்.

பருப்பை மஞ்சள்தூள் போட்டு மலர வேகவையுங்கள். அதில் கீரையைப் போட்டு, 5 நிமிடம் மட்டும் வேகவிடுங்கள். தண்ணீரை வடித்துக் கொட்டாதீர்கள். தேங்காய், சீரகம், மிளகாயை அரைத்து ஊற்றி, உப்புப் போட்டு ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். கடுகு, உளுத்தம்பருப்பு தாளியுங்கள். சூடு சற்றுத் தணிந்ததும் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள்.

எலுமிச்சை ருசிக்கு மட்டும் அல்ல. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர அது உதவும். சாப்பிட்ட உடனே காபி, டீ குடித்தால் அது கெடும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

இரும்புச்சத்து ஏன் முக்கியம்? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை! கர்ப்பத்துக்கு முன்பே ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

கணவருக்கும் ஒரு கரண்டி!

கூட்டைக் கணவருக்கும் பரிமாறுங்கள். குழந்தை இல்லை என்றால் பெண்ணையே குறை சொல்வது அநியாயம். குறை ஆணிடமும் இருக்கலாம். புகையும் மதுவும் விந்தணுக்களைக் கெடுக்கும்.

ஓர் ஆண்டு ஆகியும் கரு தங்கவில்லையா? மனைவிக்கு 35 வயதுக்கு மேல் என்றால், 6 மாதம் போதும். இருவரும் சேர்ந்தே டாக்டரிடம் போங்கள்.

வீட்டுப் பெரியவர்களே! மருமகளின் இலையில் கீரையை வையுங்கள். குத்தல் பேச்சை வைக்காதீர்கள்.