பாரிசவாதமும் கட்டி கரைக்கும் மருந்தும்: மூளையில் இரத்தம் கசியுமா?

வீட்டில் ஒருவருக்குத் திடீரெனப் பாரிசவாதம் வந்து வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றால், "இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து ஏற்றலாம், ஆனால் மூளையில் இரத்தக்கசிவு ஏற்படும் ஆபத்தும் உண்டு" என்று வைத்தியர் சொல்லக்கூடும். யோசிக்கக் கிடைப்பதோ சில நிமிடங்கள்தான். ஆகவே இதை முன்கூட்டியே அறிந்து வைத்திருப்போம்.

பாரிசவாதத்தில் பெரும்பாலானவை மூளையின் இரத்தக்குழாய் அடைபடுவதால் வருபவை. அடைப்பைக் கரைக்கும் அல்ரெப்பிளேஸ் மருந்துக்கு 1999 இல் கனடாவில் அனுமதி கிடைத்தது. அதன்பின் இங்கு 1,135 நோயாளரிடம் நடந்த ஆய்வு 2005 இல் வெளியானது. அவர்களில் 4.6 வீதமானோருக்கு நிலைமையை மோசமாக்கும் கசிவு ஏற்பட்டது. ஏறத்தாழ 37 வீதமானோர் மூன்று மாதங்களில் மிக நன்றாகத் தேறினர்.

ஏன் கசிகிறது?

இரத்தம் கிடைக்காத பகுதியில் நுண்குழாய்களின் சுவர்களும் பழுதடைகின்றன. அடைப்புத் திறந்து இரத்தம் மீண்டும் பாயும்போது அவை தாங்காமல் போகலாம். நேரம் செல்லச் செல்லப் பழுதும் கூடுகிறது.

எப்படிக் கணிக்கிறார்கள்?

வயது, பாரிசவாதத்தின் கடுமை, இரத்தச் சீனி, இரத்த அழுத்தம், சி.ரி. ஸ்கானில் தெரியும் பாதிப்பு, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். அழுத்தம் 185/110 இற்கு மேலிருந்தால் முதலில் அதைக் குறைப்பார்கள். 2008 இல் வெளியான ஒரு கணிப்பு முறை சீனி, கடுமை, ஸ்கான் மூன்றுக்கும் சேர்த்து 0 முதல் 5 வரை புள்ளி இடுகிறது. ஆனால் புள்ளி கூடியது என்பதற்காக மட்டும் மருந்தை மறுப்பதில்லை. கடும் பாரிசவாதத்தைச் சிகிச்சையின்றி விடுவதும் பேராபத்தே.

நாம் செய்ய வேண்டியவை

* முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் கண்டால் உடனே 911 ஐ அழையுங்கள். நீங்களே காரில் ஏற்றிச் செல்லாதீர்கள்.
* நோயாளி கடைசியாக எத்தனை மணிக்கு நலமாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இம்மருந்து வழமையாக நாலரை மணித்தியாலத்துக்குள் ஏற்றப்பட வேண்டும்.
* மருந்துப் பட்டியலைக் கொண்டு செல்லுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எடுப்பவரானால், கடைசியாக எப்போது எடுத்தார் என்பதையும் சொல்லுங்கள்.
* ஸ்கான் எடுக்கும் முன் அஸ்பிரின் கொடுக்காதீர்கள். கசிவினால் வந்த பாரிசவாதமாகவும் இருக்கலாம்.

பிரெஞ்சோ ஆங்கிலமோ தெரியாத அம்மா, அப்பா வீட்டில் இருந்தால், மருந்துப் பட்டியலை இன்றே எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வையுங்கள். வைத்தியர் சரியாகக் கணிக்க நாம் கொடுக்கும் தகவலே துணை.