டானிக்கும் நாற்காலியும்



வயதான பெற்றோரைப் பார்க்கப் போகையில் சத்து டானிக்கும் கால்சியம் மாத்திரையும் வாங்கிச் செல்கிறோம். முதுமையில் அஞ்ச வேண்டியதோ, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிவதை. விழாமல் தாங்குவது கால் தசையின் பலம். அதை டானிக் தராது. பரிசோதனையில் குறை தெரிந்தால் மருத்துவர் சொல்லும் மாத்திரையைச் சாப்பிட்டால் போதும்.

மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில், 2021-இல் பத்மஸ்ரீ பெற்ற பாப்பம்மாள் நூறு வயதைத் தாண்டியும் தோட்டத்தில் பாடுபட்டார். தோட்டத்தை விட்டுவிட்டு டவுனில் பிள்ளைகளோடு தங்கும் முதியோருக்குக் குனிந்து நிமிர வேலை ஏது?

அவர்களுக்கு நாற்காலி உதவும். சுவரோரம் போட்டு, கைகளை ஊன்றாமல் மெதுவாக எழுந்து, மெதுவாக உட்கார வேண்டும். முதலில் ஐந்து முறை, பழகியபின் பத்து. வாரத்தில் மூன்று நாளாவது செய்யட்டும். தொடக்கத்தில் ஒருவர் பக்கத்தில் நிற்பது அவசியம். தலைச்சுற்றல், நெஞ்சுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே தொடங்கவும்.