மாமாவின் யானை ஜோக்: பழைய காமெடி கேசட்டுகள் ஏன் இன்னும் சிரிக்க வைக்குது?

யூடியூபில் ஒரு பழைய காமெடியைப் போட்டுவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்து, காதால் மட்டும் கேட்டுக்கொண்டே தூங்கிப் போகிறவர்கள் நம்மில் நிறைய பேர் இருக்கோம். நானும்தான். அடுத்த வரி என்ன என்று தெரியும். எந்த இடத்தில் சிரிப்போம் என்றுகூடத் தெரியும். ஆனாலும் சிரிக்கிறோம். இது ஏன்? இந்தப் பழக்கம் போனோடு வந்தது இல்லை. அதற்கு முன்னால் ரொம்ப நீளமான ஒரு கதை இருக்கு. அதை எங்க ஊரிலிருந்து சொல்றேன். நடுவில் நான் பண்ணின ஒரு தப்பும் வரும்.

எங்க ஊர் உத்திரமேரூர். குடவோலை முறை பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீங்க. பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் எங்க ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில்தான் இருக்கு. அந்தக் கோயிலிலிருந்து கொஞ்ச தூரத்தில் என் தாய்மாமா ரேடியோ செட் கடை வைத்திருந்தார். ஆம்ப்ளிஃபயர், கூம்பு ஸ்பீக்கர், மைக், சீரியல் லைட் எல்லாம் வாடகைக்கு. காதுகுத்து, கல்யாணம், மஞ்சள் நீராட்டு, கோயில் திருவிழா, எதுவாக இருந்தாலும் மாமாதான்.

மாமாவிடம் ஒரு வரிசை உண்டு. விடியற்காலை சாமி பாட்டு. அப்புறம் சினிமா பாட்டு. பந்தி முடிந்து, பெரியவங்க திண்ணையில் சாய்கிற நேரத்தில் வசனம். "பாட்டு போட்டா தூங்கிடுவாங்கடா. வசனம் போட்டாத்தான் வூட்டுக்குப் போவாம உக்காந்திருப்பாங்க" என்பார்.

தட்டிலிருந்து கேசட்டுக்கு

மாமா செய்தது புதுசு இல்லை. 1930-களிலேயே தமிழில் நாடகங்கள் கிராமஃபோன் தட்டில் விற்பனைக்கு வந்துவிட்டன. 78 வேகத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. அவ்வளவுதான் இடம். அதனால் ஒரு நாடகத்துக்குப் பல தட்டுகள். பிறகு எல்.பி. வந்தது, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் கிடைத்தது. 'திருவிளையாடல்' (1965) மாதிரி படங்களின் வசனம் வீதியெல்லாம் ஒலித்தது. சினிமா பார்க்காதவனுக்கும் நாகேஷின் தருமி புலம்பல் தெரியும். ரேடியோவில் ஒலிச்சித்திரம் என்று முழுப் படத்தையும் சுருக்கி, ஒலியை மட்டும் போடுவார்கள். தெருவே உட்கார்ந்து படத்தைக் 'கேட்கும்'.

நகைச்சுவைக்கு இந்த வழியில் பெரிய பெயர் என்.எஸ். கிருஷ்ணன். 'நல்லதம்பி' (1949) படத்தில் வரும் அவருடைய கிந்தனார் கதாகாலட்சேபத்தை இன்றைக்கும் தேடிக் கேட்கிறவர்கள் இருக்காங்க. நந்தனார் கதையை எல்லாரும் அறிவார்கள். அதே காலட்சேப பாணியில், சிதம்பரத்துக்குப் பதிலாகப் படிப்புக்கு ஏங்கும் ஒருவனின் கதையை அவர் சொன்னார். கேட்கிறவனுக்குப் பழைய மெட்டும் பழைய நடையும் ஏற்கெனவே காதில் இருக்கு. அதற்குமேல் புதுக் கதை வந்து உட்காரும்போது சிரிப்பு வருது. சிரித்து முடித்ததும், யாரைப் படிக்க விடாமல் வைத்திருந்தோம் என்ற கேள்வி மிச்சம் இருக்கு.

எண்பதுகளில் கேசட் வீட்டுக்கு வீடு வந்தது. எஸ்.வி. சேகரின் 'மகாபாரதத்தில் மங்காத்தா', 'காட்டுல மழை' போன்ற மேடை நாடகங்கள் கேசட்டாகச் சுற்றின. கிரேசி மோகன் 1979-ல் தொடங்கிய கிரேசி கிரியேஷன்ஸின் மாது நாடகங்களுக்கும் பெரிய ரசிகர் கூட்டம். அவருடைய கதாநாயகிக்கு எப்பவுமே ஜானகி என்று பெயர், தன் பள்ளி ஆசிரியை நினைவாக. அப்புறம் 'கரகாட்டக்காரன்' (1989). கவுண்டமணி, செந்தில், வாழைப்பழம். இதற்கு மேல் நான் சொல்லணுமா?

காது என்ன செய்யுது?

இப்போ முதல் கேள்விக்கு வரேன். முகத்தைப் பார்க்காமலே ஏன் சிரிக்கிறோம்? எனக்கு மூன்று காரணம் தெரியுது.

ஒன்று, படத்தை நாமே வரைந்துகொள்கிறோம். 'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி. கதவு, காலடி, திகில் எல்லாமே நாகேஷின் வாயிலிருந்துதான் வருது. பாலையாவின் பயம் மூச்சிலேயே கேட்குது. கண்ணை மூடிக்கொண்டு கேளுங்க. நாம் கற்பனை செய்கிற பாலையா, திரையில் இருக்கும் பாலையாவைவிட இன்னும் கொஞ்சம் பயந்து போயிருப்பார்.

இரண்டு, இடைவெளி. காமெடியில் சொல்லும் வரி பாதி, சொல்லாமல் விடும் அரை விநாடி பாதி. அந்த அரை விநாடியை எழுத்தில் வைக்க முடியாது. ஒலிப்பதிவில் மட்டும்தான் அது அப்படியே தங்கும். வாழைப்பழக் காட்சியின் வசனத்தைப் பேப்பரில் எழுதிப் பாருங்க. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரு ஆள், கோபப்படுகிற இன்னொரு ஆள். அவ்வளவுதான். குரலோடு கேட்டால்தான் அது வேற.

மூன்று, கூடச் சிரிக்கும் சனம். மேடையில் பதிவான நாடகத்தில் அரங்கத்தின் சிரிப்பும் சேர்ந்தே பதிவாகும். தனியாக ஹாஸ்டல் அறையில் கேட்டாலும் முந்நூறு பேரோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். கிரேசி மோகன் நாடகத்தில் இன்னொன்றும் உண்டு. ஒரு ஜோக்குக்கான சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். முதல் தடவை கேட்கும்போது சிலது சிரிப்பில் மூழ்கிடும். இரண்டாம் தடவை கேட்டால்தான் அது கிடைக்கும். திரும்பக் கேட்கிறதுக்கு அதுவே ஒரு காரணம்.

இது நமக்கு மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவில் பில்லி பர்மிங்காம் என்பவர் 'தி ட்வெல்த் மேன்' என்ற பெயரில் 1984 முதல் காமெடி ரெக்கார்டுகள் போட்டார். ரிச்சி பெனோ, பில் லாரி, டோனி கிரெய்க் என்று கிரிக்கெட் வர்ணனையாளர்கள் எல்லாருடைய குரலையும் ஒரே ஆள் பேசுவார். பெட்டியில் கமெண்டரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தக் குரல்கள் வீட்டு ஆள் மாதிரி. அதனால்தான் அந்த நையாண்டி அங்கே இன்னும் ஓடுது. நந்தனார் மெட்டு நம்ம காதில் இருந்த மாதிரி, பெனோ குரல் அவர்கள் காதில் இருந்தது.

நான் பண்ணின தப்பு

இதுவரை சொன்னது எல்லாம் தப்பித்த குரல்கள். கம்பெனி போட்டது, ஆயிரக்கணக்கில் பிரதி எடுத்தது. எங்க பக்கத்துப் பெரிய காமெடியன் எந்தத் தட்டிலும் இல்லை. அவர் கட்டியக்காரன்.

காஞ்சிபுரம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது ராத்திரி முழுக்கக் கூத்து. முகவீணை, மிருதங்கம், ஆர்மோனியம். ராஜா வேஷங்கள் செய்யுள் மாதிரி பேசும்போது, கட்டியக்காரன் மட்டும் நம்ம தெருப் பேச்சில் பேசுவார். ராஜாவுக்கு வேலைக்காரன், நமக்கு மொழிபெயர்ப்பாளர், ஊர் வம்புக்குச் செய்தித்தாள். அன்றைக்கு அந்த ஊரில் நடந்தது அன்றைக்கே மேடை ஏறிடும்.

ஒரு கூத்தில் மாமாவின் மைக் 'ஊ' என்று ஊளையிட்டது. துரியோதனன் பாதிப் பாட்டில் நின்றுவிட்டார். கட்டியக்காரன் கையைக் கட்டிக்கொண்டு, "ராஜா, ஒங்க யானைக்கு இன்னும் தீனி வைக்கலியாம்" என்றார். அடுத்த அரை மணி நேரம் மைக் ஊளையிட்ட ஒவ்வொரு தடவையும் யானை வந்தது. கடைசியில் மைக் சரியானபோது, "யானை செத்துப்போச்சு ராஜா" என்று அழுதார். சனம் உருண்டது. மாமா ஆம்ப்ளிஃபயரிலிருந்து வயர் இழுத்து, 90 நிமிஷ கேசட்டில் அதைப் பதிந்து வைத்திருந்தார். கேசட்டின் தலையில் இருக்கிற இரண்டு சின்னக் காதுகளையும் உடைத்து வைத்திருந்தார். அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதிய முடியாது.

2001-ல் எனக்குப் பதினொரு வயசு. புதுப் படப் பாட்டு பதிய கேசட் இல்லை. உடைந்த காது மேலே செலோ டேப் ஒட்டினால் பதியலாம் என்று பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் சொன்னான். ஒட்டினேன். பதிந்தேன். யானை போச்சு.

மாமா திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துது. இப்போ அந்தக் கட்டியக்காரன் உயிரோடு இல்லை. மாமா அந்த யானை ஜோக்கை விசேஷங்களில் சொல்வார். யாரும் சிரிப்பதில்லை. வார்த்தை எல்லாம் சரியாத்தான் சொல்றார். அந்த அரை விநாடி மாமாவிடம் இல்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்தின தேர்தல் விதியைச் சுவரில் வைத்திருக்கிற ஊரில், ஒரு சிரிப்பை நான் வைத்திருக்க முடியவில்லை.

கூத்து அழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. 1990-ல் தொடங்கிய கட்டைக்கூத்து சங்கம் காஞ்சிபுரம் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் இருக்கு. அதன் குருகுலம் 2002 முதல் 2020 வரை பிள்ளைகளுக்குப் படிப்போடு கூத்தும் கற்றுக்கொடுத்தது. கலை தொடருது. அந்த ஒரு ராத்திரி மட்டும் திரும்ப வராது.

உங்க வீட்டுப் பரணில்

அதனால் ஒரு வேலை சொல்றேன். வீட்டில் கேசட் இருந்தால் முதலில் காதை உடையுங்க. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீங்க, தெரிந்தவரிடம் கொடுங்க. நல்லா இருந்தால் பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து, கேசட்டை ஒரு தடவை முழுக்க முன்னும் பின்னும் சுற்றுங்க. சத்தம் மூடினாற்போல் கேட்டால், ஹெட் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்குரூவை மெதுவாகத் திருப்பி, எந்த இடத்தில் தெளிவாகக் கேட்குது என்று பாருங்க. லைன் அவுட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுத்து, டபிள்யூஏவி ஃபைலாகச் சேமியுங்க. இரைச்சலை நீக்குவதெல்லாம் பிரதியில் மட்டும், மூலத்தில் கை வைக்க வேண்டாம். இரண்டு இடத்தில் வையுங்க. முக்கியமாக, கேசட்டைக் கடைசி வரை ஓடவிடுங்க.

ஏன் என்றால், போன மாசம் நான் அந்தப் பாட்டுக் கேசட்டை அப்படித்தான் ஓடவிட்டேன். இரண்டாம் பக்கம், முப்பத்தெட்டாவது நிமிஷத்தில் பாட்டு முடியுது. ஒரு 'டக்'. அப்புறம் முகவீணை.

(இந்த இடத்தில் பதிவின் ஒரு பகுதி ஒலிக்கிறது.)

ஏழு நிமிஷம். யானை அதில் இல்லை. கட்டியக்காரன் யாரையோ பெயர் சொல்லிக் கிண்டல் பண்றார், கூட்டம் சிரிக்குது, ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலிருந்து ஒருத்தர் எல்லாருக்கும் மேலே சத்தமாகச் சிரிக்கிறார். மாமாவுக்குப் போட்டுக் காட்டினேன். முழுசும் கேட்டார். "யார்ரா அது, இந்தச் சிரிப்பு சிரிக்கிறான்?" என்றார்.

"நீதான் மாமா."

"இன்னொரு வாட்டி போடு" என்றார்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுக்குள்ள பரணைப் பாருங்க.