பழைய வெள்ளி ரூபாய்: தேய்க்காதீர்கள், முன்பணம் கட்டாதீர்கள்

பாட்டியின் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளி ரூபாய் வெளியே வந்தால் வீட்டில் இரண்டு காரியம் நடக்கிறது. ஒருவர் அதைப் புளியோ திருநீறோ போட்டுத் தேய்த்துப் பளபளக்க வைக்கிறார். இன்னொருவர் அதைப் படமெடுத்து, "பழைய நாணயம் லட்சக்கணக்கில் வாங்கப்படும்" என்ற விளம்பரத்தில் பார்த்த எண்ணுக்கு அனுப்பிவிடுகிறார். முதல் காரியம் காசின் மதிப்பைக் கெடுக்கிறது. இரண்டாவது, வங்கியில் இருக்கிற பணத்தையும் கொண்டுபோகிறது. படித்தவர்கள், ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், கடை வைத்திருப்பவர்கள் என்று எல்லோரும் இதில் விழுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால்தான் எழுதுகிறேன்.

நம் வீடுகளில் கிடைப்பவை பெரும்பாலும் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்கள். 1835 முதல் 1939 வரை அவற்றின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1940இல் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது, 1947இல் நிக்கல் ரூபாய் வந்தது. ஆகவே 1940க்கு முந்தைய முழு எடை ரூபாயில் சுமார் 10.69 கிராம் சுத்த வெள்ளி உண்டு. அன்றைய வெள்ளி விலையால் இதைப் பெருக்கிப் பாருங்கள். எவ்வளவு தேய்ந்திருந்தாலும் ஏறக்குறைய அதுதான் அடிமட்ட விலை. அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் ஆண்டு, அக்கசாலை, காசின் நிலை ஆகிய மூன்றைப் பொறுத்தது. பழசு என்பதற்காக மட்டும் யாரும் லட்சம் தர மாட்டார்கள். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது.

நிலையைப் பார்க்க, மேஜையில் மெத்தென்ற துணியை விரித்து, ஒரே ஒரு பல்பின் கீழே, காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். முகத்தின் மேல் விரல் படக் கூடாது. மெல்லச் சாய்த்தால், புழங்காத காசில் ஒளிப்பட்டை ஒன்று நடுவிலிருந்து விளிம்பு வரை சுழன்று ஓடும். அச்சு அழுத்தும்போது உலோகம் வழிந்து பரவிய நுண்ணிய கோடுகள்தான் அந்த மினுமினுப்பைத் தருகின்றன. ஒருமுறை போனால் எந்த பாலிஷாலும் அது திரும்பாது. அடுத்து, மேடான இடங்களைப் பாருங்கள். விக்டோரியா ரூபாயில் கன்னமும் காதருகே உள்ள முடியும் கிரீடத்தின் மணிகளும் முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜில் கன்னம், தாடி, மார்புச் சங்கிலியில் தொங்கும் குட்டி யானை. அந்த யானை 1911 ரூபாயில் பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, 1912இல் திருத்தப்பட்டது. தும்பிக்கை தெளிவாகத் தெரிந்தால் காசு நல்ல நிலையில் இருக்கிறது. அந்த இடம் மழுங்கிப்போயிருந்தால் சாதாரணக் காசு.

தேய்த்த காசை லென்ஸ் வைத்துப் பார்த்தால் எல்லாத் திசையிலும் மயிரிழைக் கீறல்கள் தெரியும். பல்பொடியும் வெள்ளி பாலிஷும் அப்படித்தான் செய்யும். புளியில் அமிலம் வேறு இருக்கிறது. தேர்ந்த வியாபாரி அதை உடனே கண்டுபிடித்து, அடிமட்ட விலைக்குக் கேட்பார். மறுபடியும் சொல்கிறேன், கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும், தேய்க்காதீர்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த தண்ணீரில் ஊறவைத்து, துணியில் ஒற்றி எடுத்தால் போதும். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு, வெள்ளியைக் கறுக்க வைக்கும். மலிவான பிளாஸ்டிக் கவரில் நாளடைவில் பச்சையாகப் பிசுபிசுப்பு படியும். காசுமாலையிலிருந்து எடுத்த ரூபாயானால் விளிம்பில் பற்றுவைத்த அடையாளமும், அடைத்த துளையும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் சேகரிப்பு மதிப்பு அநேகமாகப் போயிற்று.

போலியைக் கண்டுபிடிக்க நகைத் தராசே போதும். முதலில் எடை போடுங்கள். பிறகு தம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதும் மூழ்க விடுங்கள். தராசு 1.13 கிராம் அளவில் காட்ட வேண்டும். அதே எடையுள்ள பித்தளைக் காசு 1.3க்கு மேல் போகும். 1939 பம்பாய் ரூபாய் அரியது என்பதால் அதில் போலி மிகுதி. வேறு ஆண்டின் கடைசி இலக்கத்தைச் சுரண்டி மாற்றுவதும் உண்டு. அதில் எடையும் வெள்ளியும் சரியாகவே இருக்கும் என்பதால், இலக்கத்தைச் சுற்றிய பரப்பைத்தான் லென்ஸில் பார்க்க வேண்டும்.

இனி "டபுள் டை". யூடியூபில் இந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு, எழுத்து இரட்டையாகத் தெரிகிற ஒவ்வொரு காசையும் புதையலாக நினைக்கிறார்கள். ரப்பர் ஸ்டாம்பை எண்ணிப் பாருங்கள். ஸ்டாம்பிலேயே எழுத்து இரட்டையாக வெட்டப்பட்டிருந்தால் அடிக்கிற காகிதமெல்லாம் இரட்டையாக வரும். கை நழுவினால் அந்த ஒரு காகிதம் மட்டும் கெடும். உண்மையான இரட்டை அச்சு முதல் வகை. அச்சு தயாரிக்கும்போது மூலவடிவம் இரண்டாம் முறை சற்றே விலகி அழுந்தியதால் வருவது. இரண்டு உருவங்களும் உருண்டு, ஒரே உயரத்தில் இருக்கும். எழுத்தின் முனைகள் பிளந்து, மூலையில் பிளவு தெரியும். எழுத்தும் வழக்கத்தைவிடத் தடிமனாக இருக்கும். அமெரிக்காவின் 1955 ஒரு சென்ட் இதற்குப் பேர்போனது. அதன் ஆண்டு வெறும் கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும்.

மற்றது, காசு அடித்த கணத்தில் தளர்ந்த அச்சு நழுவியதால் வருவது. எழுத்தின் ஓரத்தில் தாழ்ந்த, தட்டையான படி ஒன்று தெரியும். எழுத்து தடிப்பதற்குப் பதில் ஒரு பக்கம் சீவிவிட்டது போல மெலிந்திருக்கும். இது சர்வசாதாரணம், கூடுதலாக ஒரு ரூபாயும் பெறாது. தேய்ந்த அச்சாலும் எழுத்தின் ஓரம் மங்கலாக இரட்டிக்கும். அதற்கும் மதிப்பில்லை. என்னிடம் காட்டப்படுபவற்றில் பெரும்பாலானவை இந்த இரண்டும்தான். விற்பவர் "டபுள் டை" என்று விலையேற்றினால் ஒன்று கேளுங்கள்: இதே அச்சில் அடித்து, இதே இடத்தில் இரட்டித்த வேறொரு காசின் படம் இருக்கிறதா? அச்சிலேயே குறை இருந்தால் இன்னொரு காசும் இருந்தாக வேண்டும். காட்ட முடியாவிட்டால் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். காசின் தரம் பார்க்கும் என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். நிறுவனங்கள் முத்திரையிட்ட பெட்டியில் இருந்தாலும், எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் சரிபாருங்கள். பெட்டிக்கும் போலி வந்துவிட்டது.

வாங்கும்போது பில் இல்லாமல் வாங்காதீர்கள். "பழைய காசு - 1" என்று எழுதிய பில் எதற்கும் உதவாது. "ஒரு ரூபாய், ஐந்தாம் ஜார்ஜ், 1911, கல்கத்தா, எடை 11.62 கிராம், அசல், போலியென்று தெரிந்தால் முழுத்தொகை திருப்பித் தரப்படும்" என்று எழுதி, தேதியும் கடையின் ஜி.எஸ்.டி. எண்ணும் கையெழுத்தும் வாங்குங்கள். ஏமாற்றப்பட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் புகார் தரலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரையானால் கட்டணமே கிடையாது. முதலில் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழைத்துப் பாருங்கள். ஆனால் உங்கள் காசை நீங்கள் விற்றபோது ஏமாந்திருந்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் நுகர்வோர் ஆக மாட்டீர்கள். அதற்குக் காவல் நிலையம்தான்.

போனில் ஏமாற்றுகிறவர்கள் ஒரே பாட்டையே பாடுகிறார்கள். காசுக்குப் பல லட்சம் தருகிறோம், பதிவுக் கட்டணம் கட்டு, பிறகு வரி, பிறகு "ரிசர்வ் வங்கி அனுமதி". பழைய நோட்டு, நாணயங்களை வாங்கி விற்கும் வேலையில் தான் இல்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்ட் 4ஆம் தேதியே அறிவித்துவிட்டது. ராமர், அனுமார் உருவத்தோடு 1616, 1818 என்று ஆண்டு போட்ட "கிழக்கிந்தியக் கம்பெனிக் காசு" பிற்காலத்தில் செய்த வில்லை. இரிடியம், ரைஸ் புல்லிங் (அரிசியை இழுக்கும் சக்தி) என்று அதற்குக் கோடி சொல்பவர் மோசடிக்காரர். உங்கள் காசை வாங்குகிறவர் உங்களிடம் பணம் கேட்க எந்தக் காரணமும் இல்லை. ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்.

கட்டிவிட்டால், வெட்கப்பட்டு ஒரு நாளும் வீணாக்காதீர்கள். உடனே 1930க்கு அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் முடக்க அதுதான் வழி. பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை, உங்கள் வங்கி, எதிராளியின் கணக்கு அல்லது யு.பி.ஐ. முகவரி ஆகியவற்றை எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிந்து, ஒப்புகை எண்ணோடு வங்கிக் கிளையில் அன்றே கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். ஒரு காவல் நிலையத்தில், "பேராசைப்பட்டு கட்டினீங்க, நாங்க என்ன பண்றது" என்று ஒரு பெரியவரைத் திருப்பி அனுப்பினார்கள். பேராசை குற்றமல்ல, ஏமாற்றுவதுதான் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதா 318(4) அதைத்தான் சொல்கிறது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வந்துவிடாதீர்கள், அது எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் புகாரை அனுப்புங்கள். அதற்கும் பதிலில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம். எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகத் தர வேண்டியது அவர்கள் கடமை.

அஸ்திவாரம் தோண்டும்போது பானையில் காசு கிடைத்தால் கதை வேறு. 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பானாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை உண்டு. கண்டெடுத்தவருக்குச் சட்டம் தரும் பங்கும் போய்விடும். கிராம நிர்வாக அலுவலரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது. மனு எழுதி, நகலில் கையெழுத்து வாங்குங்கள்.

நூறாண்டு கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதை வெளிநாட்டுக்கு அனுப்பவோ எடுத்துச் செல்லவோ கூடாது, தரம் பார்க்க அமெரிக்காவுக்குக் கூரியரில் அனுப்புவதும் இதில் அடங்கும். தண்டனை ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. ஆண்டுக்கு ஆண்டு இந்தக் கோடு நகர்கிறது, போன வருஷம் அனுப்பக்கூடியதாக இருந்த காசு இந்த வருஷம் அப்படி இல்லாமல் போகலாம். நூறாண்டு ஆகாத காசு என்றாலும், தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் வாங்கி வைத்துக்கொண்டால் விமான நிலையத்தில் சிக்கல் வராது. அதன் சென்னை வட்ட அலுவலகம் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிறது. காசின் இரு பக்கப் படங்களோடு, பயணத்துக்கு முன்பே போதிய அவகாசம் வைத்து விண்ணப்பியுங்கள்.