பள்ளிக்கூடத்துக்குப் போகமாட்டேன் என்று பிள்ளை சொன்னால்...



விடியுமுன்னே எழுந்து சோறு பொங்கி, தூக்குச் சட்டியில் போட்டுக்கொண்டு, தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வருவதற்குள் ரோட்டுக்கு ஓடுகிறோம். காட்டு வேலை இருக்கும் நாளில் களையெடுக்கவோ உளுந்து பிடுங்கவோ கிளம்பிவிடுகிறோம். அந்த அவசரத்தில் பிள்ளை வந்து, "அம்மா, வயிறு வலிக்குது, இன்னைக்குப் பள்ளிக்கூடம் போகலை" என்றால் நாம் என்ன சொல்கிறோம்? "சாக்குச் சொல்லாதே, கிளம்பு!" அவ்வளவுதான்.

உண்மையிலேயே வயிற்று வலியாக இருக்கலாம். ஆனால் பள்ளி நாளில் மட்டும் வந்து ஞாயிற்றுக்கிழமை வராத வலி என்றால், உட்கார்ந்து விசாரிக்க வேண்டிய வலி அது.

பிள்ளைகள் சண்டை போடுவார்கள், மறுநாள் சேர்ந்துகொள்வார்கள். அதைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. பலம் உள்ள பிள்ளையோ, நாலு பேர் சேர்ந்தோ, எதிர்த்து நிற்க முடியாத ஒரு பிள்ளையைத் திரும்பத் திரும்ப வதைப்பது வேறு. நிறத்தைச் சொல்லி, உடம்பைச் சொல்லி, சாதியைச் சொல்லிக் கேலி செய்வது, காசு பிடுங்குவது, எடுபிடி வேலை வாங்குவது, யாரும் பேசாமல் ஒதுக்கி வைப்பது எல்லாம் இதில் சேரும். இப்போது செல்போனிலும் நடக்கிறது.

நாங்குநேரி சொன்ன பாடம்

திருநெல்வேலிக்குத் தெற்கே நாங்குநேரியில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். பன்னிரண்டாம் வகுப்புப் படித்த தலித் மாணவர் ஒருவர், உடன் படித்த ஆதிக்க சாதி மாணவர்களின் தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினார். காரணம் கேட்டபோது சொன்னார். பள்ளியில் புகாரும் ஆனது. அதன் பிறகுதான், 2023 ஆகஸ்ட் 9-ஆம் தேதி இரவு, வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அந்தப் பிள்ளை உயிர் பிழைத்து, மறு ஆண்டு பிளஸ் டூ தேர்வு எழுதி நல்ல மதிப்பெண்ணோடு தேறினார் என்பது நமக்கு ஆறுதல்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று. பிள்ளை வாய் திறந்து சொல்லிவிட்டால் பிரச்சினை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. சொன்ன பிறகுதான் அந்தப் பிள்ளைக்குக் காவல் அதிகம் வேண்டும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

பிள்ளை சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். "நீ என்ன செஞ்சே?" என்று முதலில் கேட்டால் அதோடு வாயை மூடிக்கொள்ளும். "நீயும் ரெண்டு போட்டுட்டு வா" என்று அனுப்பவும் வேண்டாம். தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த சில வாரங்கள் பிள்ளை தனியாகப் போய்வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஆசிரியர் செய்ய வேண்டியது

நார்வே நாட்டில் 1982-ல் மூன்று சிறுவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு டான் ஓல்வேயஸ் என்ற பேராசிரியர் பள்ளிகளில் ஒரு திட்டம் தொடங்கினார். இடைவேளையில் பெரியவர்கள் கண்காணிப்பது, வகுப்புக்கு வகுப்பு விதி வைப்பது, இரண்டு பக்கப் பெற்றோரையும் அழைத்துப் பேசுவது, இவ்வளவுதான். தொல்லை வெகுவாகக் குறைந்தது. நம் பள்ளிகளிலும் இது முடியும். புகார் கொடுத்த பிள்ளையையும் தொல்லை கொடுத்தவனையும் எல்லார் முன்னாலும் நிறுத்தி, "கை கொடுத்துக்கோங்க" என்று சொல்லி முடிப்பது தீர்வல்ல. தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

மாணவர் செய்ய வேண்டியது

பக்கத்தில் நின்று சிரிக்கிற பத்துப் பேர்தான் கேலி செய்பவனுக்குத் தெம்பு. சிரிக்காதே, ஒதுக்கப்பட்ட பிள்ளையோடு சேர்ந்து சாப்பிடு, பெரியவரிடம் சொல். இந்த மூன்றையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்போம். இது கோள் சொல்வதல்ல, காப்பாற்றுவது.

நம் வீட்டையும் பார்ப்போம்

"எம்புள்ள அப்படியெல்லாம் செய்யமாட்டான்" என்று எல்லா அம்மாவும் சொல்கிறோம். அப்படியானால் செய்கிற பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்?

நாங்குநேரிக்குப் பிறகு தமிழக அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூன் மாதம் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி எதுவும் பள்ளியில் கூடாது என்று அது பரிந்துரைத்தது. பிள்ளை கையில் அந்தக் கயிறு ஏறும்போது பார்த்துக்கொண்டு இருந்தது நாம்தானே? அடுத்த தெருக்காரரை நாம் வீட்டில் எப்படிப் பேசுகிறோமோ, அதைத்தான் பிள்ளை வகுப்பில் பேசும்.

நம் கூட்டமைப்பில் எல்லாத் தெருப் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து கடன் கொடுத்து வாங்குகிறோம். அடிபட்ட பிள்ளையின் அம்மாவும் அடித்த பிள்ளையின் அம்மாவும் ஒரே கூட்டத்தில் இருக்கலாம். தவணை தவறினால் வீடு தேடிப்போய் கேட்கிற நாம், இதையும் கேட்க வேண்டாமா? சண்டைக்குப் போக வேண்டாம். "அக்கா, பிள்ளைக விஷயம் ஒண்ணு பேசணும்" என்று ஊக்குநரையும் கூட்டிக்கொண்டு போவோம்.

கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அதில் இருக்கும் நம் உறுப்பினர்கள் இதைக் கூட்டத்தில் எழுப்பித் தீர்மான நோட்டில் ஏற்ற வேண்டும். பள்ளியில் 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறதா, அதைத் திறந்து பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். ஆபத்து என்று தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். குழந்தைகளுக்கான இலவச உதவி எண் 1098. பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது.

இந்த மாதக் குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிந்ததும் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். "உங்க வீட்டுப் பிள்ளை சந்தோஷமாப் பள்ளிக்கூடம் போகுதா?" என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள். நாம் இத்தனை பாடுபட்டுச் சேமிப்பதே அந்தப் பிள்ளைகளுக்காகத்தானே!